கறிவேப்பிலைக்கு ஊற்றிய கடிதம்

ரொறன்ரோவுக்கு வந்த எங்கள் சனம் கழுவாத பொருள் இல்லை. கோப்பை கழுவினார்கள், கார் கழுவினார்கள், ஆஸ்பத்திரி விறாந்தை கழுவினார்கள். நான் கடதாசி கழுவினேன். அதைச் சொன்னால்தான் ஒருவரும் நம்புவதில்லை.

கலியாண வீடுகளில் இப்படித்தான் நடக்கும்.

“அக்கா எங்க வேலை?”

“டவுன்ரவுனில ஒரு லைப்ரரியில.”

“புத்தகம் எடுத்துக் குடுக்கிறதோ?”

“இல்லை, பழைய கடிதங்களைக் கழுவிறது.”

கேட்டவர் உடனே திரும்பி என் கணவர் ராசனைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் இருக்கும் அனுதாபத்தை ராசன் ஒருநாளும் மறுத்ததில்லை. “ஓம், பாஸ்போட்டை எல்லாம் ஒளிச்சுத்தான் வைச்சிருக்கிறன்” என்பார். கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள் அபி. இங்கே பிறந்த பிள்ளை. இப்போது அங்கே கடிதங்களைக் கழுவுவது அரிது. படம் பிடிக்கிறார்கள், கம்பியூட்டர் கையெழுத்தை வாசிக்கிறது, கடிதம் பெட்டிக்குள் திரும்பிப் போய்விடுகிறது. போன மாதம் அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

“அன்ரி, அந்த இங்லீஷ் ஜியோலஜிஸ்ட்டின்ர லெட்டர்ஸ் இப்ப ஸ்கான் பண்ணுறம். மற்ற எல்லாத்திலயும் மண் அப்பியிருக்கு. ஃபர்ஸ்ட் லெட்டர் மட்டும் ஏன் இவ்வளவு கிளீனா இருக்கு?”

“அதை நாங்கள் கழுவினனாங்கள் பிள்ளை.”

“ரியலி தண்ணிக்குள்ள போட்டனீங்களா? லைக், முழுசா?”

“ஓம், முழுசா.”

நான் ஒரு குழந்தையைக் கிணற்றுக்குள் போட்டேன் என்று சொன்னதுபோல அதிர்ந்துபோனாள். பிறகு, “அன்ரி, அதை எழுதித் தாங்கோ. ஆருக்கும் தெரியாமப் போயிடும்” என்றாள். சரி, எழுதுகிறேன்.

நான் அந்த வேலைக்கு வந்த கதை சுருக்கமானது. அகதியாக வந்து ரொறன்ரோவின் டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். முதலில் நானும் கோப்பைதான் கழுவினேன். பின்னேரங்களில் ஒரு கல்லூரிப் படிப்பு. பிறகு அந்த நூலகத்தில் புத்தகத் தூசு தட்டும் வேலை. தூசு தட்டிய எங்களில் யார் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்குகிறார்கள் என்று ஒரு பெண்மணி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டார். அவர்தான் ஹெதர். கடதாசி பழுதுபார்க்கும் பகுதியின் தலைவி. அன்றுமுதல் கடைசிவரை நான் அவருக்குக் கீழேதான் வேலை செய்தேன்.

ஹெதர் மெலிந்து உயர்ந்த மனுசி. நரைத்த தலைமயிரை ஒரு பென்சிலால் கொண்டை போட்டிருப்பார். அந்தப் பென்சிலை நாள் முழுக்கத் தேடுவார். எங்கள் பின்னால் வந்து நிற்பது தெரியாது. பெப்பர்மின்ற் வாசம் வந்தால் ஆள் நிற்கிறார் என்று அர்த்தம். அவர் ஒருபோதும் ‘கூடாது’ என்று சொல்லமாட்டார். “அப்படியும் செய்யலாம்” என்பார். நான் வந்த புதிதில், அப்படியே செய்யச் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு மூன்று தரம் செய்தும்விட்டேன். கனடாக்காரரின் வாயில் அதற்கு ‘செத்தாலும் செய்யாதே’ என்று பொருள் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இதில் அவர்கள் பேசுவதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடங்களுக்குப் பிறகு என் நினைவில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழே பேசுகிறார்கள். நான் அதைத் தடுக்கப் போகவில்லை.

அந்தக் கடிதங்களை ஒரு பிஸ்கட் பேணிக்குள் வைத்துக் கொண்டுவந்தவர் ரோஸ்மேரி அம்மா. படிப்பித்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர், நாலு சில்லு வண்டிலைப் பிடித்து நடப்பவர். கடிதங்களை எழுதியவர் அவருடைய அம்மம்மாவின் பாட்டன். இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் என்ற பகுதியில், கல்லையும் மண்ணையும் ஆராய்ந்து திரிந்த மனிதர். கல்லைப் படிப்பதும் ஒரு படிப்பு என்று உலகம் ஒப்புக்கொள்ளாத காலம் அது.

“உண்மையான டோர்செட் கடலோட சேர்ந்தது. மலைச் சரிவில சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும்” என்று ஹெதர் எனக்கு விளக்கினார்.

“எங்கட டோர்செட்டில கரப்பான்பூச்சிதான் கிடந்தது” என்றேன்.

இந்த மனிதர் ஊருக்குப் பாதிரியாராம். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். பாதிரியார் பெண்சாதிக்குக் கடிதம் எழுதினார் என்றதும் எனக்குச் சிலுவை போட்டுக்கொள்ளத்தான் கை எழுந்தது. அவர்கள் சபையில் அது வழக்கம் என்று தெரிந்த பிறகும் அந்தப் பெண்சாதிமேல் எனக்கு ஒரு இரக்கம் வந்தது. மனுசன் வீட்டில் நின்றால்தானே. பேணிக்குள் இருந்ததெல்லாம் அவர் வெளியே நின்று எழுதியவை: சப்பாத்து பிய்ந்துபோயிற்று, வேறு அனுப்பு, கம்பளிக் காலுறை அனுப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை அடுத்த ஊர்ப் பாதிரியாரைப் பிடித்துச் சமாளி. மூத்தவளின் பிறந்தநாளை மறந்துவிட்டு, அதற்குப் பரிகாரமாக ஒரு கல்லாய்ப்போன மீனின் விலா எலும்பு எத்தனை அழகு என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அதே பேணிக்குள் மனைவி எழுதிய பதில்களும் இருந்தன. அவை எல்லாம் சிறியவை. வீட்டு வேலை இருந்திருக்கும்.

பேணியைத் தரும்போது ரோஸ்மேரி அம்மா ஹெதரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்டும் குறையாமல் திருப்பிக் காட்டுவீங்கள்தானே? அதுக்குப் பிறகு உங்களுக்கே தந்துவிடுறன்.”

யாருக்கும் எதற்கும் வாக்குக் கொடுக்காத ஹெதர் அன்றைக்கு, “ஓம், ஒண்டும் குறையாது” என்று சொல்லிவிட்டார். எனக்கே அது அதிசயமாக இருந்தது.

ஹெதரின் சட்டம், முதலில் துப்புரவு, பிறகு வாசிப்பு. அழுக்குக் கடிதத்தை வாசிக்கப் போனால் கை கூடப் படும், மடிப்பு கிழியும். அதுவும் இவை வாசிக்கவே முடியாதவை. அந்தக் காலத்தில் தாள் கூடினால் தபால் கூலியும் கூடுமாம். அதனால் மனுசன் ஒரு பக்கத்தை எழுதி முடித்து, தாளை அப்படியே பக்கவாட்டில் திருப்பி, எழுதியதற்கு மேலே குறுக்காகவும் எழுதியிருந்தார். பார்த்தால் நுளம்புவலைதான்.

முதலாவது கடிதத்தின் அடியில் ஒரு மண்ணிறக் கறை. பெருவிரல் அளவு. எழுத்துக்கு மேலே அப்பி, ஓரங்களில் எண்ணெய் பிடித்து, நடுவில் பூஞ்சணம் வரப்போகும் அறிகுறியும் இருந்தது. ஹெதர் பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார்.

“பிறகு ஆரோ ஊத்தைக் கையால பிடிச்சிருக்கினம். கனதரம் பிடிச்சிருக்கினம். எடுத்துவிடுவம், பிலோ.”

பிலோமினா என்ற என் பெயரை அவர் அந்த அளவுக்குத்தான் கூப்பிடுவார்.

கழுவுவது என்றால் வாளிக்குள் போட்டு அலசுவது இல்லை. முதலில் மெல்லிய தூரிகையால் தூசு. பிறகு எழுத்தின் ஒரு கோட்டில் ஊசிமுனை அளவு தண்ணீர் வைத்து, ஒற்றுத்தாளால் அழுத்தி, மை கரைகிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு கடிதத்துக்கும் புதிதாகப் பார்க்க வேண்டும். நேற்றைய கடிதத்தின் மை நல்ல மை என்பதால் இன்றையதும் நல்லதாக இருக்கவேண்டும் என்று இல்லை. பிறகு வலைத்துணியில் கிடத்தி, பனிபோலத் தெளித்து நனைத்து, துணியோடு சேர்த்துத் தட்டுக்குள் இறக்குவது. தண்ணீர் சுத்திகரித்த தண்ணீர், அதில் சிட்டிகை சுண்ணாம்பு. கொஞ்ச நேரத்தில் அது வெளிறிய தேத்தண்ணி நிறத்துக்கு வரும். கடதாசியின் கிழட்டுத்தனம் எல்லாம் இறங்குகிற நிறம் அது. எனக்கு அதைப் பார்ப்பதில் ஒரு சந்தோசம், பொய் சொல்லப் போவதில்லை.

அந்தக் கறையைத் தண்ணீருக்குள் வைத்தே தூரிகையால் நீவச் சொன்னார். நீவினேன். மண் புகைபோல எழும்பித் தட்டின் அடியில் படிந்தது. கடிதம் வெள்ளையாக வந்தது. ஹெதர் பின்னால் நின்று, “அழகு” என்றார். அவர் அப்படிச் சொல்வது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் திருவிழா.

வெள்ளிக்கிழமைகளில் மத்தியானத் தேத்தண்ணி நேரத்தில், உலர்ந்த கடிதங்களை ஹெதர் வாய்விட்டு வாசிப்பார். அந்த வெள்ளிக்கிழமை முதலாவது கடிதம். நேராக எழுதியதை வாசித்து முடித்தார். காலுறையும் சப்பாத்தும்தான். தாளைத் திருப்பிக் குறுக்கெழுத்தைத் தொடங்கினார். அதில் பாதிரியார் எழுதியிருந்தது இதுதான்: கலியாணம் முடித்து முதல் தரம் உன்னைப் பிரிந்து வந்திருக்கிறேன். உன்னால் இந்தச் சேற்றுக்குள் வர முடியாது. ஆகையால் நான் இன்று முழுக்க நின்ற இடத்தின் களிமண்ணை இந்தத் தாளின் அடியில் என் பெருவிரலால் பூசியிருக்கிறேன். மண்ணை அறிய நாக்கைவிட நல்ல கருவி இல்லை. கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்துப் பார், பல்லில் கரகரக்காது. அப்போது நீயும் என் பக்கத்தில் நின்றதாகும்.

ஹெதர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார்.

“பிலோ, நாங்கள் அவற்ர மண்ணைக் கழுவிப்போட்டம்.”

அவருடைய முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஆறுதல் என்று வந்தால் எங்கள் சனத்துக்குத் தெரிந்தது ஒரே வழிதானே.

“ஹெதர், உது ஆருக்குத் தெரியப்போகுது? அம்மாவுக்குக் கண்ணும் மங்கல். எழுத்து ஒண்டும் போகேல்லை. மற்றக் கடிதங்களில மண் இருக்கு, அதுகளைத் தொடாமல் விடுவம். இதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பம்.”

ஹெதர் என்னைக் கனிவாகப் பார்த்தார்.

“அப்படியும் செய்யலாம்” என்றார்.

சொல்லிக்கொண்டே போனை எடுத்து ரோஸ்மேரி அம்மாவின் இலக்கத்தை அழுத்தினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹெதர் ஒன்றையும் பூசி மெழுகவில்லை. கறையை எடுக்கச் சொன்னது தான்தான், வாசிக்காமல் எடுத்தது பிழை, திருப்பி வைக்க வழியில்லை என்று நின்றபடியே சொன்னார். அம்மா கடிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு விரலால் அந்த வெறும் இடத்தைத் தொட்டார்.

“பிழை என்ரதுதான். முதலே சொல்லியிருக்க வேணும். எங்கட வீட்டில ஒரு வழக்கம். பெண்பிள்ளைக்கு ஆறு வயசு வந்தால் தாய் இந்தக் கடிதத்தை எடுத்து விரிப்பா. விரலை ஈரமாக்கி, இந்த மண்ணைத் தொட்டு நாக்கில வைக்கவேணும். அம்மா செய்தவ, அம்மம்மா செய்தவ, நானும் செய்தனான். ஆனால் கடிதம் துப்புரவாக்கிற ஆக்களிட்டப் போய், நாங்கள் பரம்பரையா இதை நக்கிறனாங்கள் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

ஹெதர் சொன்ன ‘ஊத்தைக் கை’ யாருடையது என்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பு வந்திருக்கும், அம்மாவின் கண் நிறைந்திராவிட்டால்.

“எனக்குப் பெண்பிள்ளை இல்லை. என்னோட முடியுது. உங்களிட்டக் குடுக்கிற அண்டைக்கு, உங்களை வெளியில அனுப்பிப்போட்டு, கடைசியா ஒருக்கா நாக்கில வைச்சுப் பாப்பம் எண்டு இருந்தனான்.”

பிறகு கேட்டார், “கழுவின தண்ணி எங்க?”

“சிங்குக்குள்ள ஊத்தினது” என்றார் ஹெதர்.

நான் நிலத்தைப் பார்த்தேன். என் வேலை அப்போது ஒப்பந்த வேலை. அந்த அறையிலிருந்து ஒரு ஒற்றுத்தாள் கூட வெளியே போகக்கூடாது. வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லி ஊருக்கு உபதேசம் செய்தவளுக்கு அன்றைக்குத் தன் வாயை மூட முடியவில்லை.

“இல்லை, ஹெதர். சிங்குக்குள்ள போகேல்லை.”

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

விசயம் இதுதான். டோர்செட் பார்க்கிலிருந்து பிறகு குடிபோன மில்லிக்கனில் எங்கள் வீட்டு முன்யன்னலில், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு கறிவேப்பிலை மரம் சாடிக்குள் நிற்கிறது. ரொறன்ரோவில் தமிழர் வீட்டில் பிள்ளையைவிடக் கவனமாக வளர்வது அதுதான். குழாய்த் தண்ணீரின் மருந்துக்கு அது ஒவ்வொரு குளிர்காலமும் மஞ்சளாகிச் சாகப் பார்க்கும். இங்கே என்னடா என்றால் மெசினில் வடித்த தங்கமான தண்ணீரைச் சிங்குக்குள் ஊற்றுகிறார்கள். பழைய மையில் இரும்பும் உண்டு. கறிவேப்பிலைக்கு இரும்பு என்றால் உயிர். எனக்கு மனம் கேட்கவில்லை. கழுவின தண்ணீரை வெறும் வினாகிரிக் கானுக்குள் நிறைத்து, பையில் வைத்து, சப்வேயிலும் பஸ்ஸிலும் வீட்டுக்குக் கொண்டுபோவேன். அடியில் படிந்த மண்ணும் மரத்துக்குப் பசளை என்று குலுக்கி ஊற்றுவேன். “வெள்ளைக்காரன்ர கடிதம் குடிக்கிற மரம்” என்று ராசன் அதற்குப் பெயரும் வைத்திருந்தார்.

இவ்வளவையும் சொன்னேன். ஹெதர் கொண்டையில் இருந்த பென்சிலை உருவினார். அது அங்கே இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. என்னை வேலையைவிட்டு எழுதி அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன்.

ரோஸ்மேரி அம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

“அந்த மரம் உயிரோட இருக்கோ?”

“நல்லா இருக்கு அம்மா. இந்த வருசம் குருத்துக்குக் குறைவில்லை.”

“அதின்ர இலையை நீங்கள் சாப்பிடுறனீங்களோ?”

“ஒவ்வொரு நாளும்.”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “ஞாயிற்றுக்கிழமை வீட்டில நிப்பீங்களோ?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹெதர் தன் காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தார். ராசன், எங்கள் மகளின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஹெதர் சாடிக்கு முன்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடதாசியைப் பார்ப்பதுபோல இலை இலையாக மரத்தைப் பார்த்தார். அவருடைய முகம் இன்னும் தெளியவில்லை. என் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் பேசியிருக்கவில்லை. பிறகும் பேசவில்லை. அடுத்த வாரமே அவருடைய அறைக்குப் பொலித்தீன் சுற்றிய ஒரு கறிவேப்பிலைக் கொத்து போனதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

புட்டு, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல். பருப்புக்கு அந்த மரத்தின் இலையைத் தாராளமாகப் போட்டுத் தாளித்தேன். மேசையில் இருந்ததும் ஹெதர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“இது முதலாவது கடிதத்துக்கு மனுசி எழுதின பதில். இந்தக் கிழமைதான் வாசிச்சனான்.”

சின்னக் கடிதம். உங்கள் மண் கிடைத்தது என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண். சொன்னபடி நாக்கில் வைத்தேன். பல்லில் கரகரக்கவில்லை, அது உண்மை. ஆனால் உப்பில்லை. அடுத்த முறை மண்ணை அனுப்ப வேண்டாம், நீங்களே வாருங்கள்.

ராசன்தான் கேட்டார், “பிறகு அவர் வந்தவரோ?”

“அவற்ர அடுத்த கடிதம் வேற ஊரிலயிருந்து. அதில வேற மண் பூசியிருக்கு” என்றார் ஹெதர்.

அந்த நேரம் எனக்கு அந்தப் பாதிரியார்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்தோடு கண்ணும் கலங்கியது. ராசன் இரவு வேலைக்குப் போன வருடங்களில் மேசையில் எழுதி வைத்துவிட்டுப் போன துண்டுகள் நினைவுக்கு வந்தன. அதை மறைக்கப் பருப்புச் சட்டியை எடுத்து எல்லாருக்கும் பரிமாறினேன்.

எங்கள் வழக்கப்படி நானும் ராசனும் கறிவேப்பிலையைப் பொறுக்கிச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கினோம். எங்களைப் பார்த்து ஹெதரும் ஒதுக்கினார். ரோஸ்மேரி அம்மா ஒதுக்கவில்லை. இலையைக் கரண்டியில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

“அதை விடலாம் அம்மா. நாங்கள் அதைத் தின்னிறதில்லை” என்றேன்.

“நான் இதுக்குத்தான் வந்தனான்” என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நிதானமாக மென்றார். ஹெதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெல்ல என் கோப்பை ஓரத்து இலையை எடுத்து வாயில் போட்டேன். ராசனும் போட்டார். பிறகு ஹெதரும்.

அம்மா விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார். ஹெதரின் கையைப் பிடித்தார்.

“இதில உப்பிருக்கு” என்றார்.